கழுதை ஆட்டத்தில் நான் போட்ட வேஷம்

1979-ல் நடந்தது. மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயசு. கொழுந்து வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். "மெஷின்ல நிக்கிற நாலு பேருல ஒருத்தனுக்குத்தான் சனிக்கிழமை லீவு. யாருன்னு நீங்களே பேசிக்குங்க. வேற எவனாவது வராம நின்னா, அப்புறம் வரவே வேணாம்" என்று எங்கள் தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளையான கிராணி கறாராகச் சொல்லிவிட்டார்.

நாலு பேருக்குமே லீவு வேணும். பேசினால் சண்டைதான் வரும். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சீட்டைப் போட்டோம். கழுதை ஆட்டம். கையிலிருக்கிற சீட்டை முதலில் தீர்க்கிறவனுக்கு லீவு. இறக்கின ரகம் நம்மிடம் இல்லையென்றால் வேறு சீட்டால் வெட்டுவோம். இறக்கின ரகத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

எங்களில் மூத்த அண்ணன் ஒருவர் சீட்டில் புலி. யார் கையில் என்ன இருக்கிறதென்று மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருப்பார். அவரை நேருக்கு நேர் ஜெயிக்க முடியாது. அதனால் வேஷம் கட்டினேன். சீட்டைக் கோணல்மாணலாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எல்லாம் குப்பைலா" என்று புலம்பினேன். "இது ஸ்பேட்டா, கிளாவரா?" என்று வேறு கேட்டேன். உண்மையில் எனக்கு வந்திருந்தது அருமையான கை!

மற்ற இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். "இவன் கெடக்கான், அண்ணனைப் பாருலா" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டி, வெட்டுகிறதையெல்லாம் அவர் தலையிலேயே கட்டினார்கள். அவர் அள்ள அள்ள, நான் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு வெறுங்கையை விரித்துக் காட்டினேன். "அடப்பாவி!" என்று கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈப்போ டவுனுக்குப் போய் ஒரு புதுப்படம் பார்க்கணும், அதற்குத்தான் அத்தனை நடிப்பும்.

சாயந்திரம் குழாயடியில் கை கழுவும்போது அந்த அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, ஒரு அவசரம். அந்த லீவை எனக்கு விட்டுக்கொடுக்கிறியா?" கண் கலங்கியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "அண்ணே, என் வித்தையை என்கிட்டயே காட்டுறீங்களா? நடிப்பு பிரமாதம்லா!" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, ஈப்போ போகிறதுக்காக, இஸ்திரி போட்ட சட்டையோடு மலையிறங்கித் தாப்பா போகிற பஸ்ஸில் ஏறினால், உள்ளே அந்த அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு துணி மூட்டை. "லீவு இல்லாம வந்தா வேலை போயிடுமேண்ணே!" என்று பதறினேன்.

"போனா போவட்டும்" என்றார். அப்புறம்தான் மெல்லச் சொன்னார். மனைவி ஈப்போ ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இருக்கிறாராம். முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை. அப்போது லயத்து வரிசை வீடுகளில் அக்கம்பக்கம் பேசின பேச்சுக்குப் பயந்து, இந்த முறை யாரிடமும் மூச்சு விடாமல் மனைவியை ஈப்போவில் இருக்கிற மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இன்றைக்கு வயிற்றைக் கீறித்தான் எடுக்கணுமாம். புருஷன் வந்து கையெழுத்துப் போடணுமாம்.

"நேத்து சொல்லத்தான் வந்தேன் தம்பி. நீ சிரிச்சிட்ட."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழியில் ரிங்லெட்டில் பஸ் நின்றதும், "நீங்க தைரியமா போங்கண்ணே, இங்க நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். காய்கறி இறக்கிவிட்டு எங்கள் தோட்டத்துப் பக்கமாகத் திரிங்காப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த லோரியைக் கைகாட்டி நிறுத்தி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். "லீவை அவருக்கு விட்டுக்கொடுத்துட்டேன்யா, சொல்ல மறந்துட்டேன்" என்று கிராணியிடம் ஒரு பொய். அவர் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் லீவுக் கணக்கில் என் பேரை அடித்துவிட்டு அண்ணன் பேரை எழுதிக்கொண்டார். சினிமாவுக்குப் போட்ட சட்டையோடு சாயந்திரம் வரை மெஷினில் நின்றேன்.

திங்கட்கிழமை அண்ணன் மிட்டாயோடு வந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு மட்டும் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். குழாயடியில் நான் சிரித்ததைக் கடைசிவரை ஒருத்தரிடமும் அவர் சொல்லவில்லை.

இன்றைக்கும் யாராவது கண்கலங்கி என் எதிரில் வந்து நின்றால், முதலில் உட்காரவைத்து என்னவென்று கேட்டுவிடுகிறேன். நடிப்பாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.