பட்டத்தை விட்ட ராணி

நெல்லித்தோப்பில் ஒரு சின்ன டிபன் கடையில் காலைத் தோசைக்காகக் காத்திருக்கிறேன். டிவி செய்தியில், ஐரோப்பாவில் வயதான ராணி ஒருவர் மகனுக்குப் பட்டத்தை விட்டுக்கொடுக்கிறார்.

"இந்தக் காலத்துல ராஜாவுக்கு இன்னா சார் வேலை?" தோசை ஊற்றும் பெண் என்னைக் கேட்கிறாள்.

"ஆட்சியெல்லாம் மந்திரிங்க பாத்துப்பாங்க. இவர் கையெழுத்துப் போடுவார், விழாவுக்குப் போவார்."

"இருந்தாலும் உசுரோட இருக்கும்போதே குடுத்துட்டாங்களே. பெரிய மனசு!" சொல்லிவிட்டு, கல்லாவில் இருக்கும் மாமியாரைப் பார்க்கிறாள்.

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தம்மாவுக்கு அரண்மனை இருக்கு. நான் எழுந்தா எங்க போய் உக்காருவேன்?"

மருமகள் தோசையைத் திருப்பிப் போடுகிறாள். அவள் குரல் தணிகிறது. "இங்க, எம் பக்கத்துல உக்காருங்க அத்தை. பேச்சுத் துணைக்கு எனக்கு யார் இருக்கா?"

மாமியார் சிரித்துவிடுகிறாள். ஆனால், எழுந்திருக்கவில்லை.