மூத்தவனா, இளையவனா?

இது கதை இல்ல. எனக்கு நடந்தது. நம்பாட்டி விடுங்க.

வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிஞ்சதும் மாத்தளை டவுன்ல இருக்கிற எங்க மிளகுக் கடைச் சாவி மூத்தவர் இத்ரூஸ் நானா இடுப்புக்குப் போச்சு. நடுவுல நான், ஸியாம். கடைசி ஷிஹாம். மூட்டை தூக்கி முதுகு ஒடிஞ்சது எனக்கு, முதலாளி அவரு. பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சது.

போன வருஷம் நானாவும் நானும் மிளகு வாங்க லக்கலைக்குப் போனோம். திரும்பி வரக்குள்ள பொழுது சாஞ்சு மஃரிப் நேரம். ரோட்டோரம் இடிஞ்ச அரண்மனை, பாதி சரிஞ்ச தாதுகோபம், கல்லுப்படி வச்ச குளம். தொழுறதுக்கு வேனை நிப்பாட்டினோம்.

"விகாரையும் குளமும் கட்டி ஓகோன்னு ஆண்ட பரம்பரை," என்றார் நானா. "அண்ணனுக்குப் பிறகு தம்பிக்குத்தான் சிம்மாசனம். பிறகு எப்படியோ பூண்டோட அழிஞ்சுட்டாங்க."

அங்கயாவது தம்பிக்குக் கொடுத்தாங்களேன்னு நெனச்சேன்.

நானா குளத்துல கைகால் கழுவி வுழு எடுத்துட்டு மேல போனார். தொழுகையிலயும் அவருதான் முன்னுக்கு. அதுவும் பொறுக்கல எனக்கு. குளத்துல குனிஞ்சேன்.

சளக்... சளக்...

ஈரக் கால் படியேறுற சத்தம். திரும்பினேன். யாரும் இல்ல.

தண்ணியில என் முகத்துக்குப் பக்கத்துல இன்னொரு முகம். தலையில கிரீடம்...

சிங்களத்துல மெதுவா கேட்டுச்சு. "மூத்தவனா, இளையவனா?"

"இளையவன்..."

"இன்னும் காத்துக்கிட்டா இருக்க?"

வாய் தன்னால சொல்லிச்சு. "ஆமா."

அது சிரிச்சுது.

ஓடிப்போய் நானாவோட தொழ நின்னேன். அவர் குனிஞ்சார்.

அவர் பிடரியில விரல் தடம்... ஈரமா.

வீடு வரைக்கும் காயல.

விடியக்காலம் சுபஹுத் தொழுகைக்கு நானா எழும்பல. மாரடைப்புன்னாங்க. தலையணை நனைஞ்சு, பாசி வாடை அடிச்சுது.

சாவி என் இடுப்புக்கு வந்துச்சு.

நானாவோட ஜனாஸா அடக்கத்துக்கு வந்த லக்கலை மிளகுக்காரர்கிட்ட அந்த ராஜாக்களைப் பத்திக் கேட்டேன்.

"எந்தத் தம்பியும் அண்ணன் சாகுற வரைக்கும் காத்திருக்கல தம்பி. அந்தக் குளத்துலயே அமுக்கினாங்க. ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன். கடைசியில ஆள ஆளில்ல."

போன கிழமை எனக்குக் காய்ச்சல். சொல்லாமலே ஷிஹாம் லக்கலைக்குப் போயிட்டான்.

"மஃரிப் எங்க தொழுத?" திரும்பி வந்தவன்கிட்ட கேட்டேன்.

"அந்தக் குளத்துல வுழு எடுத்தேன் நானா."

என் இடுப்புச் சாவியையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்... என்னோடது.

இன்னைக்குக் காலையில என் சட்டைக் காலர் நனைஞ்சிருந்துச்சு.