மணிக்காரர் மைத்துனனுக்கு வைத்த கம்பி

கடைத்தெருவே அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. முதலில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். யாரோ கடைக்குள் புகுந்து இரண்டு ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, கதவில் ஒரு காந்தச் சுவிட்சையும் வெளிச்சுவரில் ஒரு பெரிய மணியையும் மாட்டினார். கதவு திறந்தால் மணி அலறும். பக்கத்துத் துணிக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்களேன்" என்றார். கம்பெனி பிறந்தது அப்படித்தான். பெரிய திட்டமெல்லாம் ஒன்றும் கிடையாது.

மனிதர் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். தபால்காரர் வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். இந்தக் குணத்தால் வீட்டில் தினம் சண்டை. ஆனால் தொழிலுக்கு அதைவிட நல்ல குணம் வேண்டுமா? எந்தச் சந்து வழியாக எவன் நுழைவான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி என்றால் மூன்றே பேர். அவர் பெட்டிகளைச் செய்வார். மனைவி தொலைபேசியைப் பார்த்துக்கொள்வாள். மனைவியின் தம்பி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய் மாட்டிவிட்டு வருவான். முப்பது வயது, அதிகம் வாய் திறக்காதவன். அவன் கம்பி இழுத்தால் சுவரில் கம்பி இருப்பதே தெரியாது. கடையைத் திறக்குமுன் மணியை அணைக்க வேண்டுமே, அதற்கான சுவிட்சை வாசலுக்கு வெளியே கண்ணில் படாத ஒரு மூலையில் ஒளித்துவைப்பான். அது எங்கே என்பது கடைக்காரருக்குத் தெரியும். மற்றபடி பட்டறை இழுப்பறையில் இருக்கும் வரைபடத்துக்குத்தான் தெரியும்.

இரண்டே வருடத்தில் நாற்பது கடைகள். அப்புறம்தான் வந்தது வினை. ஒரே மாதத்தில் மூன்று கடைகளில் திருட்டு. மூன்றிலும் இவர்களுடைய மணி. மூன்றிலும் அது மூச்சுவிடவில்லை. அதைவிடக் கொடுமை, மறுநாள் காலையில் சோதித்துப் பார்த்தால் மூன்று மணிகளும் கணீரென்று அடித்தன.

காவல் அதிகாரி பட்டறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மணி நல்லா இருக்கு. அப்ப எவனோ சுவிட்சை அணைச்சுட்டுத்தான் உள்ள போயிருக்கான். அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"கடைக்காரருக்கு. அப்புறம் எனக்கும் என் மைத்துனனுக்கும்."

"கடைக்காரங்க மூணு பேரு. மூணு கடைக்கும் பொதுவா இருக்கிறது நீங்க ரெண்டு பேருதான். ஒரு வாரம் டைம் தர்றேன். யோசிச்சு வைங்க."

தான் திருடவில்லை என்பது மணிக்காரருக்குத் தெரியும். அப்படியானால் மிச்சம் ஒரே ஆள்தானே! சொன்னால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் கம்பெனிக்கு மூடுவிழா. அதற்குள்ளாகவே ஏழு கடைக்காரர்கள் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

சந்தேகம் வந்தபிறகு எதைப் பார்த்தாலும் சாட்சிதான். மைத்துனன் புதுச் செருப்பு போட்டிருந்தான், எங்கிருந்து வந்தது? மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான், எங்கே போயிருந்தான்? சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. பாவம், அந்த வாரம் அவன் தும்மியிருந்தால்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது கடைச் சுவிட்சும் எவனுக்கும் மனப்பாடமாக இருக்காது, திருடப் போகுமுன் வரைபடத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்! வரைபடங்கள் இருந்த இழுப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்சை வைத்து, அதிலிருந்து மேசைக்கு அடியில் ஒரு கம்பி ஓட்டி, பழைய எண்ணும் கருவி ஒன்றில் இணைத்தார். இழுப்பறை திறந்தால் எண் ஒன்று கூடும். தான் எத்தனை முறை திறந்தோம் என்பதை மட்டும் உள்ளங்கையில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். சுவருக்குள் கம்பியை ஒளிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவனிடமிருந்து கம்பியை ஒளிக்கப் பார்க்கிறோமே என்று அந்த அதிபுத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

ஆறாம் நாள் மத்தியானம் எண்ணிப் பார்த்தார். அவருடைய கணக்குக்கு மேல் ஐந்து.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் முன்னால் போய் நின்றார். "என்னோட இழுப்பறையில உனக்கு என்னடா வேலை? அஞ்சு தடவை திறந்திருக்கே!"

மனைவி தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எண்ணுனீங்களா?"

"நீ சும்மா இரு."

"அதுல ஒண்ணு நான். பென்சில் எடுக்கத் திறந்தேன். என்னையும் போலீஸ்ல சொல்லிடுங்க."

மைத்துனன் கையைக் கழுவிவிட்டு வந்தான். "மத்த நாலும் நான்தான் அத்தான். அந்த மெஷினை முதல் நாளே பாத்துட்டேன். கம்பியோட ஒரு முனை ஒட்டாம ஆடிட்டு இருந்துச்சு. பத்தவெச்சு விட்டேன். இல்லேன்னா உங்களுக்குக் கணக்குத் தப்பாக் காட்டியிருக்கும்."

மணிக்காரர் உள்ளங்கைக் கோடுகளைத் தேய்த்து அழித்தார்.

"வரைபடத்தை எடுத்துட்டு மூணு கடைக்கும் போனேன்" என்றான் அவன். "சுவிட்சை யாரும் தொடல. மணிக்குப் போற கம்பி சுவரை விட்டு வெளிய வர்ற இடத்துல வெட்டியிருக்கான். வேலை முடிஞ்சதும் திரும்ப முறுக்கி விட்டுட்டுப் போயிருக்கான். அதான் காலையில மணி அடிக்குது. மூணாவது கடையில இன்னைக்குத்தான் ஏணி போட விட்டாங்க. கண்ணால பாக்காம உங்ககிட்ட சொன்னா நம்பவா போறீங்க?"

கம்பியை வெட்டினாலும் மணி அலற வேண்டும் என்று இவன் முதல் வருடமே சொன்னான். எந்நேரமும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அறுந்த கணமே அலற வேண்டும் என்றான். பேட்டரி வாரத்துக்கு ஒன்று தீர்ந்துபோகும், வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள் என்று இவர்தான் வாயை அடைத்தார். ஓட்டை அவருடைய பெட்டியில்தான் இருந்தது. ஊரெல்லாம் திருடனைத் தேடியவர் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

மூன்று வாரம் இருவரும் உட்கார்ந்து எல்லாப் பெட்டிகளையும் மாற்றினார்கள். பேட்டரி தீராமலிருக்க கடையின் மின் இணைப்பிலிருந்தே அதற்குச் சார்ஜ் ஏற்றும் வழியையும் மைத்துனன்தான் சொன்னான். அடுத்த மாதம் மருந்துக்கடையில் எவனோ கம்பியை வெட்டினான். மணி அலறிய அலறலில் தெருவே திரண்டுவந்து அவனை ஏணியோடு பிடித்துக் கொடுத்தது. காவல் அதிகாரி மைத்துனன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழற்றிய ஏழு பேரும் திரும்ப வந்தார்கள். இழுப்பறைச் சண்டையிலிருந்து பேசாமலிருந்த மனைவியும் அதற்கு இரண்டு நாள் கழித்துப் பேச ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மைத்துனன் ஏணியோடு பட்டறை வாசலில் நின்றான். "கிளம்பலாமா அத்தான்?"

"எங்கடா?"

"புதுக் கடைக்கு. நான் மாட்டுறப்ப நீங்க பக்கத்துல இருங்க."

"அதெல்லாம் எதுக்கு? நீ போய் மாட்டிட்டு வா."

"இல்ல அத்தான், வந்துடுங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்க நிம்மதியாத் தூங்கணுமில்ல?"

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பார். அவன் உண்மையிலேயே இவருடைய தூக்கத்துக்காகக் கவலைப்பட்டுச் சொன்னான். மணிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியின் மறுமுனையைப் பிடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் அறுபது பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் இவர் கூட இல்லாமல் மைத்துனன் ஒரு கடைக்குள்ளும் காலடி வைக்கவில்லை.