சத்தம் வராத படங்கள்

தண்டபாணி காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்ப்பவர். கடலுக்குள் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். கரை மறைந்ததும் போனில் டவர் போய்விடும். பிறகு மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு போன படங்கள்தான். வலை இழுத்து, மீன் பிரித்து, ஐஸ் போட்டு முடித்தவர்கள் அதையும் பாதி பார்ப்பதற்குள் தூங்கிவிடுவார்கள்.

படம் ஏற்றிக் கொடுப்பது மகள் ஜெயஸ்ரீ. திருவொற்றியூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் வேலை. அப்பாவின் போன் பழசு, கார்டும் சின்னது. ஏழெட்டுப் படத்துக்கு மேல் தாங்காது. அதனால் இந்த முறை படங்களைப் புது வகையில் சுருக்கினாள். அசையாத சுவரையும் வானத்தையும் மறுபடி மறுபடி எழுதாமல், மாறுவதை மட்டும் குறித்துவைப்பதில் இது பழையதைவிடக் கறாரானது. ஒலியையும் புது வகையில் இறுக்கினாள். ஒரு படம் பிடித்த இடத்தில் மூன்று அடங்கின. தன் போனில் போட்டுப் பார்த்தாள், ஓடியது. அப்பாவின் போனில் பார்க்க நேரமில்லை.

திரும்பி வந்த தண்டபாணி குளித்துவிட்டுப் பாயில் சாய்ந்தார். படமெல்லாம் எப்படி என்று ஜெயஸ்ரீ கேட்டாள்.

"அல்லாமே நல்லா கீதும்மா. அந்தக் கோர்ட்டுப் படத்த ரெண்டு வாட்டி பார்த்தேன்."

மறுநாள் அதே படகில் வேலை செய்யும் நெல்சன் வீட்டுக்கு வந்தான். கார்டைச் சரிபண்ணித் தரச் சொன்னான்.

"வாய் மட்டும் அசையுது பாப்பா, சத்தமே வர்ல. நாங்க வுட்டுட்டோம். உங்க நைனாதான் குந்திகினு கடைசி வரிக்கும் பார்த்தாரு."

அப்பாவின் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். வழக்கறிஞர் கை நீட்டிப் பேசிக்கொண்டே போனார், ஒரு சத்தமும் இல்லை. அந்தப் போனுக்குப் புது ஒலி வகையைப் பிரிக்கத் தெரியவில்லை. சரிசெய்வது சின்ன வேலைதான். ஆனால் சத்தமே இல்லாத இந்தப் படத்தைத்தான் அப்பா நன்றாக இருந்தது என்றார். கூப்பிட்டால் அவர் திரும்பாததை அலுப்பு என்றும் வீம்பு என்றும் அம்மா இத்தனை நாள் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நைனா, அந்தப் படத்துல சத்தமே இல்ல."

அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

"எஞ்சின் பக்கத்துலயே குந்தி குந்தி காது போயிடுச்சும்மா. ரெண்டு வருசமா இப்டித்தான். ஓனருக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவான். எஞ்சின்மேல கைய வெச்சா எனுக்கு அல்லாம் தெரிஞ்சிடும்."

அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா அழவில்லை. சோறு போட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, சாப்பிடக் கூப்பிட்டாள்.

நெல்சனுக்காக ஒலியைப் பழைய வகைக்கு மாற்றினாள் ஜெயஸ்ரீ. அப்பாவுக்காகக் கோர்ட்டுப் படத்தின் வசனங்களைக் கேட்டுக் கேட்டு டைப் செய்து, படத்தின் அடியில் ஓடவிட்டாள். கடை வேலைக்கு நடுவே இடைவேளை வரைதான் முடிந்தது. அடுத்த முறை கடலில் அதைப் படித்துவிட்டு வந்தவர், தான் புரிந்துகொண்டிருந்தது வேறு கதை என்றார். விஷயம் வீட்டில் தெரிந்த பிறகு முதன்முறையாகச் சிரித்தார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காது நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது, எஞ்சின் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்தார்கள். கரையில் வேலை தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை. தடை முடிந்ததும் தண்டபாணி மறுபடி கடலுக்குப் போனார். ஓனர் கண்ணில் படக்கூடாதென்று மெஷினை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார். நெல்சனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் அவன் கீழே எஞ்சின் அறைக்கு இறங்கி வந்து தோளைத் தொட்டுச் சொல்கிறான்.