மீட்டர் காட்டிய இருபத்திரண்டு

சிம்மக்கல்லில் நான் குடியிருந்தபோது எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், நரைத்த முறுக்கு மீசை. பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் தோள் துண்டால் மைலேஜ் காட்டும் சின்னத் திரையைத் துடைப்பார். அது லிட்டருக்கு இருபத்திரண்டு என்று காட்டும்.

நான் கப்பலூரில் கார் மெக்கானிக். ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்பு வைத்திருந்தவர் வேகத்துக்காக, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாட்டியிருந்தார். பெட்ரோல் கூடுதலாகப் போவது தெரியாமல் வண்டியின் கம்ப்யூட்டர் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, நெசத்துல பதினாலுதான் குடுக்கும். மீட்டரைச் சரிபண்ணித் தாரேன்," என்றேன்.

"தெரியும் தம்பி, பெட்ரோல் போடுறவன் நான்தானே. அதை அப்படியே விட்டுரு," என்றார். "உங்க மதினி எங்க கூப்பிட்டாலும் எதுக்கு வீண் செலவும்பா. இந்த நம்பரைப் பாத்த பிறகுதான் வண்டில ஏறுறா. அம்புட்டு வருசம் ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனேன். அவளை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல."

ஞாயிறு மாலைகளில் அவரும் மனைவியும் கீழக்குயில்குடித் தாமரைக்குளம் வரை போய்வருவார்கள். ஒருமுறை, அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மதினி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏந்தம்பி, இந்தப் பழைய வண்டி இம்புட்டு மைலேஜ் குடுக்குமா?"

"குடுக்கும் மதினி."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அந்தத் தெருவை விட்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. அன்று மதினி என்னை நம்பித்தான் ஏறினாரா என்று இப்போதும் யோசிப்பேன்.