கரம் கட்டாத செல்லம்மையின் ஓட்டு

சுதந்திரம் வந்த வருஷம், எங்கள் பக்கம் இன்னும் ராஜா ஆட்சி இருந்தபோதே, பூதப்பாண்டி தாலுகா கச்சேரியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாளே ஹெட் கிளார்க் ஒரு பழைய வாக்காளர் பட்டியலை என் மேசையில் தொப்பென்று போட்டார்.

“வேய், பேரை எவனும் படிச்சிருவான். பேருக்குப் பக்கத்துல ஒத்தை எழுத்து கெடக்கு பாரும், அதைப் படியும்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை இனிஷியல் என்று நினைக்கிறார்கள். இல்லையப்பா, அது தகுதி. எங்கள் பட்டியலில் ‘க’ என்றால் நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டுகிறவர். ‘தொ’ தொழில் வரிக்காரர். ‘ப’ பட்டதாரி. ‘பெ’ பட்டாளத்துப் பென்ஷன்காரர். எழுத்து இருந்தால் ஓட்டு. இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கலாம்.

நாங்கள் எழுதப்போகும் புதுப் பட்டியலில் அந்த எழுத்தே கிடையாது. இருபத்தொரு வயது ஆனால் போதும், ஆணும் பெண்ணும் வாக்காளர்தான்.

“பொறவு இதை எதுக்கு சார் படிக்கணும்?” என்று கேட்டேன்.

“ஒமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? வந்து கேப்பான், பாரும்.”

விளையை விற்கலாமா?

கேட்டு வந்தவர் கோலப்பன். வெள்ளை வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு, பழைய கர ரசீதை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

“சார், ஒரு துண்டு விளை உண்டு, மேட்டு நிலம். மரச்சீனிக் கிழங்கு போட்டிருக்கேன். அதை வித்துட்டா எனக்க எழுத்து போயிருமா?”

“எதுக்கு விக்கப் போறியோ?”

“வீட்டுக்காரிக்குக் கண்ணுல புரை. ஆஸ்பத்திரியில கீறணும்னு சொல்லிட்டாவ. அவதான் விக்கப்பிடாதுங்கா. எங்க தெருவுல ஓட்டு உள்ளவன் நான் ஒருத்தன்தான். போன தேர்தலுக்கு என்னைக் கூப்பிட வில்வண்டி வந்துச்சு. ‘எனக்கு ரெண்டு கண்ணும் போனாலும் போவட்டும், ஒங்களுக்கு வண்டி வரணும்’னு நிக்கா.”

எழுத்தெல்லாம் போய்விட்டது, விளையை விற்றாலும் ஓட்டு இருக்கும் என்று விளக்கிச் சொன்னேன். நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஆள் மறுபடியும் வாசலில் நிற்கிறார்.

“நம்ப மாட்டேங்கா சார். அவ கண்ணுக்காவ நான் பொய் சொல்லுதேனாம்.”

அவர்கள் வீட்டில்

கணக்கெடுக்க அன்றைக்கே அவர் தெருவுக்கு நானே போனேன். அவர் மனைவி செல்லம்மை சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் சர்க்கார் உத்தரவை வரி விடாமல் படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ரெண்டு பேருமா பேசி வச்சிட்டு வந்திருக்கியோ, இல்லியா சார்?”

ராஜா உத்தரவு எடுபடவில்லை. சரி, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று ஃபாரத்தை எடுத்தேன்.

“அக்கா, ஒங்களுக்கு என்ன வயசு?”

“வயசை யாரு கண்டா? தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப்பம் மூத்தவ எனக்க இடுப்புல இருந்தா. இப்பம் எதுக்கு எனக்க வயசு?”

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளம் அது; இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டதால் இருபத்தொரு வயதைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

“பட்டியல்ல எழுதத்தான். செல்லம்மை, கணவர் கோலப்பன். ஒங்க ஓட்டு.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கா? எனக்கு ஒரு சென்ட் நிலம் கெடையாதே. நான் கரம் கட்டல்லியே.”

“அதைத்தானே அக்கா அவரு நேத்திலேருந்து சொல்லுதாரு.”

கையை நீட்டி, “எங்கே எழுதியிருக்கு?” என்றாள். அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தார் கோலப்பன். ஈரம் உலராத மசி அவள் விரலில் ஒட்டியது. ஃபாரம் பாழாகிவிட்டதே என்று எனக்குக் கோபமே வரவில்லை.

“அப்பம் வித்துருங்க,” என்றாள் அவரிடம்.

அன்றைக்கு நான் படித்த பாடம் இதுதான். சட்டம் மாறியிருக்கிறது என்று ஆயிரம் வாசித்துக் காட்டினாலும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். அவர்கள் பேரை எழுதிக் காட்டினால் நம்புவார்கள். வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஓட்டு நாள்

ஓட்டு அன்று எனக்குப் பள்ளிக்கூடத்து பூத்தில் டூட்டி. வாசலில் திருவிழாக் கூட்டம். ஊரே வாக்காளர் ஆனபிறகு யார் வீட்டுக்கென்று வண்டி அனுப்புவார்கள்? கோலப்பனும் செல்லம்மையும் வெயிலில் நடந்தே வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்டிருந்தாள். வரப்பில் அவள் வந்த வேகத்தில் அவர்தான் பின்தங்கியிருந்தார்.

“ஏட்டி, இந்தத் தடவை வண்டி வரல்லியே. ஒனக்கு வருத்தமா?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

செல்லம்மை நின்று திரும்பி, அவரை நன்றாகப் பார்த்தாள்.

“வண்டி எதுக்கு? வழி தெரியுதுல்லா. எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க.”