ஐஸ் மெசின் பல்லும் ஐம்பத்தெட்டும்

உலோகத்தைக் குத்திப் பார்த்து அது எவ்வளவு கடினம் என்று ஓர் எண் சொல்வது என் தொழில். அந்த எண்ணுக்கு விளக்கம் சொல்வதுதான் வில்லங்கம். வாடிக்கையாளரிடம் கதைத்துக் கதைத்துத் தொண்டை வறண்ட எவரும் எனக்குச் சொந்தக்காரர்தான். யாழ்ப்பாணத்தில், உருக்குத் தூளை லேசரால் உருக்கிப் படைபடையாக உதிரிப்பாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் இருக்கிறேன்.

குத்துப் பட்ட பல்

கொழும்புத்துறைக் கரையில் அருளண்ணை மீனுக்குப் போடும் ஐஸை உடைக்கும் மெசின் வைத்திருக்கிறார். அதில் ஒரு பல் முறிந்து, மாற்றுப் பல் எங்கும் கிடைக்காமல் எங்களிடம் வந்தார். உளி, அச்சு செய்யப் பாவிக்கிற வகை உருக்கில் புதுப் பல் செய்தோம். அதன் அடிப்பக்கத்தில் வைர முனையால் குத்தி அளந்தேன். ஐம்பத்தெட்டு. நல்ல கடினம் என்று பெருமையோடு நீட்டினேன். அவர் பல்லைத் திருப்பி, கடுகளவுக் குழியைத் தடவிப் பார்த்தார்.

“புதுப் பல்லெல்லோ கேட்டனான், பிள்ளை. குத்தின பல்லைத் தாறியள்.”

செதில்

அவரைச் சமாதானப்படுத்த, பல்லோடு சேர்த்துச் செய்த மாதிரித் துண்டை மினுக்கி, அமிலம் தடவி, நுணுக்குக்காட்டியில் காட்டினேன். லேசர் போன தடமெல்லாம் மீன் செதில் அடுக்கியதுபோலத் தெரியும். அண்ணை கண்ணை எடுக்கவில்லை. செதில்களுக்குக் குறுக்கே ஓடிய மெல்லிய கோடு என்னவென்று கேட்டார். மினுக்கும்போது விழுந்த கீறல் என்றேன். திரும்ப மினுக்கிப் பார்த்திருக்க வேண்டும். பட்டறை முதலாளி பின்னால் நின்று அவசரப்படுத்தினார். உலையில் வைத்துப் பதப்படுத்தவும் நேரமில்லை என்று அப்படியே கொடுத்துவிட்டோம். அண்ணை அரை மனதோடு வாங்கினார்.

“மீனிலை உப்பிடிக் கோடு கிடந்தா நான் வாங்கமாட்டன்.”

மரச்சுத்தியல்

மூன்றாம் நாள் காலை பல் முறிந்தது என்று தொலைபேசி வந்தது. ஸ்கூட்டரில் ஓடினேன். படகுகள் கரையேறிவிட்டன, பெட்டி பெட்டியாக மீன் வெயிலில் கிடந்தது. அண்ணை ஐஸ் கட்டியை மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். முறிந்த பல்லை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பழைய வெடிப்பு. மாதிரித் துண்டில் கண்ட அந்தக் கோடும் கீறல் இல்லை, வெடிப்புத்தான். உருகினது சட்டென்று ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடும், பதப்படுத்தாவிட்டால் வெடிக்கும். இது தெரிந்தும் விட்டுவிட்டேன்.

“என்னிலைதான் பிழை, அண்ணை” என்றேன். அவர் இன்னொரு சுத்தியலை என் கையில் தந்தார்.

“ஆரிலை பிழையெண்டு பிறகு கதைப்பம். முதல் உந்தப் பக்கம் நிண்டு அடியுங்கோ.”

அறிக்கை

அடுத்த பல்லை இரண்டு தரம் உலையில் வைத்துப் பதப்படுத்தினேன். மாதிரித் துண்டை இரண்டு நாள் துருவித் துருவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஆனால் கடினம் ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. முறிந்ததைவிடக் குறைந்த எண்ணை எப்படிக் கொடுப்பது என்று முதலாளி தலையில் கைவைத்தார். அறிக்கையில் பழைய எண்ணையே போடச் சொன்னார். நான் ஐம்பத்திரண்டு என்றே எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

“உண்மையைத்தான் எழுதுவனெண்டு நிண்டா, கொஞ்சம் சின்ன எழுத்திலை எழுதியிருக்கலாமே.”

நாற்பது

அறிக்கையோடு கொழும்புத்துறைக்குப் போனேன். கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பல்தான் அடி தாங்கும் என்று அருளண்ணைக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். நம்பினாரோ, வேறு வழியில்லையோ, பல்லைப் பூட்டினார். அது இன்றுவரை ஐஸ் உடைக்கிறது. அண்ணையும் போகிற இடமெல்லாம் எங்களைப்பற்றிச் சொல்கிறார். போன கிழமை வட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர், மாட்டுக்குப் புல் வெட்டும் மெசினின் அலகைத் தூக்கிக்கொண்டு வந்தார். எவ்வளவு கடினம் வேண்டும் என்று கேட்டேன்.

“நாற்பது போதும், பிள்ளை. குறையக் குறைய நல்லதெண்டு அருளண்ணை சொன்னவர்.”

எண் குறைந்தால் நல்லது என்று ஒருவரை நம்பவைக்க அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது; அது எப்போதும் அப்படியில்லை, நாற்பதில் புல் வெட்டும் அலகு மழுங்கிவிடும் என்று மற்றவரை நம்பவைக்க இந்தக் கிழமை முழுவதும் போய்விட்டது.